சிம்ஸ் வீட்டில் எந்த அறை எதற்கு? நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

காலை மணி ஏழு. அம்மா சிம் மாடி பாத்ரூமில் குளித்துக்கொண்டிருக்கிறார். மகனுக்கு எட்டு மணிக்குப் பள்ளி. அதற்குமுன் அவசரமாகக் கழிப்பறை போக வேண்டும். உள்ளே நுழைகிறான், வெட்கப்பட்டு வெளியே வருகிறான், வாசலிலேயே நின்று தவிக்கிறான். அதற்குள் அப்பா சிம் சாப்பிட்ட தட்டை ஏந்திக்கொண்டு கிளம்புகிறார். பக்கத்திலேயே கிச்சன் சிங்க் இருக்கிறது. அதைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, படியேறி அதே பாத்ரூம் வாசலுக்கு வந்து சேர்கிறார். அந்தத் தட்டை மாடி வாஷ்பேசினில்தான் கழுவுவாராம். சின்னக்குழந்தை கீழே தனியாக நின்று அழுகிறது.

இந்த வீட்டைக் கட்டியது நான்தான், சிம்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேமில். அதில் நாமே வீடு கட்டி, சிம் எனப்படும் மனிதர்களைக் குடிவைத்து வாழ வைக்கிறோம். வீடு கட்டும் பகுதியான பில்ட் மோடில் பார்த்தபோது அழகாக இருந்தது. வரவேற்பறை, சாப்பாட்டறை, படிப்பறை என்று ஒவ்வொன்றும் கச்சிதம். ஆனால் குடும்பத்தைக் குடிவைத்த முதல் நாளே இந்தக் கூத்து. அதற்குப் பிறகு அதே குடும்பத்தையும் அதே சுவர்களையும் வைத்துக்கொண்டு, அறைகளின் வேலையை மட்டும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். எல்லாம் இந்தத் தொடரின் நாலாவது கேமான சிம்ஸ் 4-இல். எது யாருக்குப் பொருந்தும் என்று ஓரளவு தெளிவு வந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் "இது படிப்பறை" என்று நினைத்துக் கட்டுவது சிம்முக்குத் தெரியாது. அந்த அறைக்குள் இருக்கும் பொருட்கள்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். முதல் சிம்ஸ் வந்த காலத்திலிருந்தே இந்த கேமின் அடிப்படை இதுதான்: ஒவ்வொரு பொருளும் தன்னால் என்ன முடியும் என்று கூவிக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ் "பசியா, வா" என்கிறது. டிவி "பொழுது போகவில்லையா, வா" என்கிறது. எந்தக் கூவல் சிம்மின் அந்த நேரத்துத் தேவைக்குப் பொருந்துகிறதோ, அங்கே அது போகும். தூரத்துப் பொருளைவிடப் பக்கத்துப் பொருளின் குரல் பலமாகக் கேட்கும். அதனால் அறைக்கு வேலை ஒதுக்குவது என்றால், எந்தக் கூவல்களை ஒரே சுவருக்குள் சேர்த்து வைக்கிறோம், எதையெல்லாம் தள்ளி வைக்கிறோம் என்பதுதான். (அப்பா சிம்மின் தட்டு விவகாரம் இதற்கும் கட்டுப்படாது. அது இந்த கேமை ஆடும் எல்லோருக்கும் தெரிந்த தீராத வியாதி.)

இந்தத் தொடரின் பிறப்பே வீட்டோடு சம்பந்தப்பட்டது. 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப் பகுதியில் பரவிய தீயில், இந்த கேமை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. திரும்ப ஒரு வீட்டை அமைக்க என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்ததில் முளைத்த எண்ணம், 2000 பிப்ரவரியில் சிம்ஸாக வெளிவந்தது. அந்த முதல் கேமில் பசி, தூக்கம் மாதிரி எட்டுத் தேவைகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயரே 'அறை'. இருட்டான, குப்பையான, வெறுமையான இடத்தில் நின்றால் அந்தத் தேவையின் அளவைக் காட்டும் பட்டை சரியும். இரண்டாவது கேமில் அதற்குச் 'சூழல்' என்று பெயர் மாறியது. 2014-இல் வந்த சிம்ஸ் 4-இல் அந்தப் பட்டையே இல்லை, தேவைகள் ஆறுதான். அறையின் பாதிப்பு இப்போது உணர்ச்சி வழியாக வருகிறது. நல்ல படங்கள் மாட்டிய அறையில் மகிழ்ச்சி. நாறும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் அசௌகரியம். சிம்ஸ் 4-இல் அறைக்கு வேலை ஒதுக்கும்போது இதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

அடுத்தது நேரம். சாதாரண வேகத்தில் நம்முடைய ஒரு விநாடி, சிம்முக்கு ஒரு நிமிடம். அதாவது அதன் ஒரு நாள் நமக்கு 24 நிமிடம். இதில் நடைதான் பெரிய செலவு. கிச்சனிலிருந்து மாடிக்குப் போய் வர நமக்குச் சில விநாடிகள்தான் ஆகும், அதன் கடிகாரத்தில் பத்து இருபது நிமிடம் போய்விடும். 64க்கு 64 கட்டம் உள்ள மிகப் பெரிய லாட்டில் (வீடு கட்டும் மனையில்) அரண்மனை கட்டியவர்களின் சிம்கள் ஏன் எப்போதும் வேலைக்குத் தாமதமாகிறார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நான் எடுத்துக்கொண்ட குடும்பம் சாதாரணமானது: அப்பா, அம்மா, பள்ளி போகும் மகன், நடை பழகிய சின்னக்குழந்தை. அம்மா ஓவியர், அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கேம் தொடக்கத்தில் ஒரு சிம்முக்கு 20,000 சிமோலியன் (சிம்ஸ் பணம்) தரும், கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 2,000. ஆக, இவர்கள் கையில் 26,000. மதர்லோட் என்று ஏமாற்றுக் குறியீடு தட்டினால் ஒரே தட்டில் 50,000 வரும். ஆனால் பணம் தீராமல் இருந்தால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை, அதனால் தொடவில்லை. 30க்கு 20 லாட், நான்கு அறைகள், ஒரு பாத்ரூம்.

பட்டியல் சொல்லும் வழி

பில்ட் மோடில் பொருட்களை அறைவாரியாகப் பார்க்கலாம். கிச்சனைத் தொட்டால் கிச்சன் சாமான், படிப்பறையைத் தொட்டால் மேஜையும் புத்தக அலமாரியும். கட்டிய அறையை, ஆடுபவர்கள் பகிர்ந்துகொள்ளும் கேலரியில் சேமிக்கும்போதும் இது எந்த வகை அறை என்று குறிக்கச் சொல்லும். அதனால் நம்மில் பலர் இந்தப் பெயர்களையே திட்டமாக எடுத்துக்கொண்டு, பெயருக்கு ஓர் அறை என்று பிரித்துவிடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

புதிதாக ஆடுபவருக்கு இது தப்பில்லை. ஆறு தேவைகளில் எதுவும் விட்டுப்போகாது. படம் எடுத்துப் பகிர்பவருக்கும் இதுதான் சரி. வீட்டைப் பார்த்தவுடன் எது என்ன என்று புரியும். ஆனால் குடும்பத்தை வைத்து ஆட இது சுமாரான வழி. சாப்பாட்டறையே போதுமான உதாரணம். ஆறு நாற்காலி போட்டு, நடுவில் பூச்சாடி வைத்து அலங்கரிப்போம். சிம் தட்டை எடுத்துக்கொண்டு நேராக டிவி முன்னால் உள்ள சோபாவுக்குப் போகும். சிம்ஸ் 4-இல் ஒரே நேரத்தில் சாப்பிடவும் டிவி பார்க்கவும் பேசவும் முடியும் என்பதால் அதற்கு அந்த அறையே தேவைப்படவில்லை. பத்து நாளில் என் சாப்பாட்டறையில் மொத்தம் இரண்டு முறைதான் யாரோ உட்கார்ந்தார்கள், அதில் ஒருவர் வீட்டுப்பாடம் செய்ய வந்த மகன்.

ஆளுக்கு ஓர் அறை

இரண்டாவதாக, அறையை வேலையின் பெயரில் பிரிக்காமல் ஆளின் பெயரில் பிரித்தேன். அம்மா அறையில் கட்டிலும் ஓவியத் தாங்கியும். அப்பா அறையில் கட்டிலும் கம்ப்யூட்டரும். மகனுக்கு ஒன்று. நாலாவது அறை கிச்சனும் பொது இடமும். சின்னக்குழந்தை அம்மா அறையில்.

கதை சொல்லி ஆடுபவர்களுக்கு இதைப்போல வேறொன்று இல்லை என்பேன். அறைக்குள் நுழைந்தாலே அந்த ஆள் யார் என்று தெரிகிறது. மகனின் அறையில் தரையெல்லாம் பொம்மை, அப்பா அறையில் ஒரே ஒரு நாற்காலி. கதவுப் பூட்டு வசதியும் இதற்கென்றே அமைந்த மாதிரி: எல்லோருக்கும் பூட்டி, ஒருவருக்கு மட்டும் திறந்துவைக்கலாம். பூட்டிய பிறகுதான் அப்பாவின் கம்ப்யூட்டரில் வீடே விளையாடிக்கொண்டிருந்தது நின்றது. ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டில் இருக்கும்போது, அதிலும் ஒருவரையொருவர் பிடிக்காதவர்களாக இருந்தால், பூட்டு இல்லாமல் ஆட்டமே ஓடாது.

ஆனால் இரண்டு தொல்லைகள் வந்தன. ஒன்று பணம். பகிர்ந்து பயன்படுத்தக்கூடிய பொருளையெல்லாம் ஆளுக்கொன்று வாங்க வேண்டியிருக்கிறது. அலங்காரமும் அப்படித்தான், ஒரு நல்ல படத்தின் பலன் அந்த அறையில் இருப்பவருக்கு மட்டும். 26,000 எங்கே போனது என்றே தெரியவில்லை. இரண்டாவது, யாரும் யாரையும் சந்திப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று பேருக்கும் சமூகத் தேவை சிவப்பில் இருந்தது. நான் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துப் பேச வைக்க வேண்டியிருந்தது. தனிமை விரும்பும் குணம் கொடுத்த சிம்மாக இருந்தால் பரவாயில்லை. மற்றவர்களுக்கு இந்த வீடு ஹாஸ்டல் மாதிரி ஆகிவிடுகிறது. சரி, இளம் வயது மகனோ மகளோ உள்ள குடும்பத்தில் அவர்களுக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொள்ளலாம். முழு வீட்டுக்கும் வேண்டாம்.

சுவரை இடித்த வீடு

மூன்றாவது முறை, நடுச் சுவர்களை எல்லாம் இடித்துவிட்டு ஒரே பெரிய ஹால். அடுப்பு, சோபா, கம்ப்யூட்டர், ஓவியத் தாங்கி, பொம்மைப் பெட்டி எல்லாம் ஒரே இடத்தில். கட்டில்களுக்கு மட்டும் ஓர் அறை, பாத்ரூம் தனி.

எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. நடை குறைந்தது. அம்மா வரைந்துகொண்டே அப்பாவோடு பேசுகிறார், அப்பா சமைத்துக்கொண்டே மகனோடு பேசுகிறார். சமூகத் தேவையை நான் தொடவே இல்லை, தானாக நிரம்பியது. சின்னக்குழந்தை நடப்பது மிகவும் மெதுவாக என்பதால், அதற்கு வேண்டியதெல்லாம் பெரியவர்கள் நிற்கும் இடத்திலேயே இருப்பது பெரிய நிம்மதி. ஒரு நல்ல படம் வாங்கி மாட்டினால் வீட்டில் எல்லோருக்கும் அதன் பலன் கிடைக்கிறது. நமக்கும் ஒரு வசதி உண்டு: கேமராவைச் சுழற்றிச் சுழற்றி யார் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார் என்று தேட வேண்டாம்.

சின்ன வீட்டில் இன்னும் ஒரு லாபம் இருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த டைனி லிவிங் பேக் (தனியாக வாங்கிச் சேர்க்கும் தொகுப்பு) உங்களிடம் இருந்தால், லாட்டின் வகையைக் குட்டி வீடு என்று மாற்றலாம். 32 கட்டத்துக்குள் அடங்கினால் முதல் நிலை, 64 வரை இரண்டாவது, 100 வரை மூன்றாவது. சிறிதாக ஆக ஆகச் சலுகை கூடும்; பில் குறையும், திறன் வேகமாக வளரும். 32 கட்டத்தில் நாலு பேரை அடைப்பது ஒரு சவால்தான். இரட்டைக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இறங்க வழி விட வேண்டும், இல்லையென்றால் ஒருவர் படுக்கவே முடியாது. அந்த பேக்கில் சுவரில் மடித்து வைக்கும் கட்டில் வருகிறது, இடம் மிச்சம். ஆனால் அது சிம்மை நசுக்கிக் கொன்றும் விடும். எச்சரிக்கையாக இருங்கள்.

இதன் கோளாறு டிவி. ஹாலில் டிவி ஓடினால் எல்லோரும் அங்கே. வரைந்துகொண்டிருந்த அம்மா ஒருமுறை எழுந்து கழிப்பறை போய்விட்டு வந்தால், திரும்பி வருவது சோபாவுக்குத்தான். இன்னொரு கோளாறு, அழுக்கு. குழந்தை கொட்டியதும், கழுவாத தட்டும், நிரம்பிய குப்பைத் தொட்டியும் ஒரே அறையில் இருந்தால் எல்லோருடைய மனநிலையும் ஒரே சமயத்தில் கெடுகிறது. சுவர் இருந்தபோது அந்தத் தொல்லை கிச்சனோடு நின்றது.

உணர்ச்சிக்கு ஓர் அறை

நான்காவதுதான் சிம்ஸ் 4-க்கே உரிய வழி. நான் அதிக நாள் ஆடிப் பார்த்ததும் இதைத்தான்.

இந்த கேமில் ஒவ்வொரு திறனுக்கும் ஏற்ற ஓர் உணர்ச்சி இருக்கிறது. ஊக்கம் பொங்கும் மனநிலையில் ஓவியம், எழுத்து, பியானோ, கிடார், சமையல் எல்லாம் நன்றாக வரும். மனம் குவிந்த நிலையில் புரோகிராமிங், தர்க்கம், ராக்கெட் வேலை. உற்சாகத்தில் உடற்பயிற்சி. தன்னம்பிக்கையில் பேச்சுத்திறன். இப்போது பட்டியல் சொல்லும் 'படிப்பறை'யை நினைத்துப் பாருங்கள். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அதே கம்ப்யூட்டரில் நாவல் எழுத ஊக்கம் வேண்டும், புரோகிராம் எழுத மனக்குவிப்பு வேண்டும். மறுபக்கம், ஓவியத் தாங்கியும் அடுப்பும் பட்டியலில் எங்கெங்கோ இருக்கின்றன. உணர்ச்சிக் கணக்கில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இது புரிந்ததும் ஓவியத் தாங்கியைத் தூக்கிக் கிச்சனில் போட்டேன். பார்க்க விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் ஊக்கம் தரும் ஒரே ஒரு படத்தை வைத்து அம்மாவின் ஓவியமும் அப்பாவின் சமையலும் சேர்ந்தே வளர்ந்தன.

அந்தப் படம் எங்கிருந்து வரும்? ஓவியத் திறன் வளர்ந்த சிம், தான் இருக்கும் உணர்ச்சியிலேயே ஒரு படம் வரையலாம். மாட்டிய பிறகு அதைத் தொட்டு, அதன் ஆராவை, அதாவது சுற்றிலும் உணர்ச்சியைப் பரப்பும் தன்மையை, இயக்க வேண்டும். அதன்பின் அந்த அறையில் நிற்பவர்களுக்கெல்லாம் அந்த உணர்ச்சி தொற்றும். வேலையில் பதவி உயர்வோடு வரும் சில பரிசுப் பொருட்களிலும் இந்த ஆரா உண்டு. வாங்கி மாட்டிவிட்டு ஆராவை இயக்க மறந்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று ஒரு வாரம் காத்திருந்தவன் நான். எனவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் இந்தப் படங்கள் கையில் இருக்காது. அப்போது பக்கத்துப் பொருளே போதும். யோசனையோடு குளித்தால் ஊக்கம் வரும். எனவே ஓவியத் தாங்கிக்கு அடுத்த சுவர் பாத்ரூமாக இருக்கட்டும். சதுரங்கப் பலகை முன் உட்கார்ந்து நகர்த்தல்களை யோசித்தால் மனம் குவியும். அதைக் கம்ப்யூட்டருக்கு நாலடி தள்ளிப் போடுங்கள். கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்தால் தன்னம்பிக்கை வரும். வாசல் பக்கம் ஒரு கண்ணாடி மாட்டினால் வேலைக்குக் கிளம்பும்போதே முடிந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்து சில நூறு சிமோலியன்தான். நடுச்சுவரைத் தட்டி ஓர் அறையைப் பெரிதாக்குவதைவிட இது எவ்வளவோ பயனுள்ளது.

இதன் பலவீனம் என்ன? ஓர் அறையில் ஓர் உணர்ச்சிதான் தாங்கும். மதிப்பெண் எதற்கு அதிகமோ அதுதான் மேலே நிற்கும். ஊக்கம் தரும் படத்துக்கு எதிரே மனக்குவிப்புப் படத்தை மாட்டினால் இரண்டும் மல்லுக்கு நிற்கும், நாம் விரும்பியது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் சுவர் கட்டாயம். மூன்றாவது வழியில் சுவரை இடித்துச் சேமித்ததை இங்கே திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதோடு, இந்த மாதிரி வீட்டில் சும்மா வாழ்வதற்கு இடமே இருப்பதில்லை. எங்கே திரும்பினாலும் ஏதோ ஒரு திறன் வளர்கிறது. சிம்கள் வேகமாகப் பதவி உயர்கிறார்கள், எனக்குத்தான் அலுத்துப்போனது. இலக்கு வைத்து ஆடுபவருக்கு இதுதான் முதல் தேர்வு. குடும்பக் கதையாக ஆடுபவர் ஓர் அறைக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

கடைசியில் நான் பிரித்த விதம்

நாலையும் ஆடிய பிறகு, அறைகளைக் கடிகாரத்தை வைத்துப் பிரித்தேன். காலை ஆறிலிருந்து எட்டு வரை எல்லோரும் எந்தப் பொருட்களைத் தொடுகிறார்களோ அவை ஒரு பக்கம். பள்ளி மூன்று மணிக்கு விட்ட பிறகு இரவு வரை தொடுபவை இன்னொரு பக்கம். பெயரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலைப் பக்கத்தில் முதலில் உடைத்தது பாத்ரூமைத்தான். குளிப்பதற்கும் கழிப்பறைக்கும் சிம்முக்குத் தனிமை வேண்டும்; ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் அந்த அறையைப் பயன்படுத்த முடியாது. எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்தால் எத்தனை சாமான் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். இரண்டாவது பாத்ரூம் கட்டுவதற்குப் பதில் உள்ளேயே குறுக்கே ஒரு சுவரை எழுப்பினேன். ஒரு பக்கம் கழிப்பறை, மறுபக்கம் ஷவர், இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. ஒரு சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான் செலவு. மொத்த வீட்டிலும் இதைவிட லாபமான மாற்றம் எதையும் நான் செய்யவில்லை. நீங்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுப்பதாக இருந்தால் இதை எடுங்கள்.

படுக்கையறைகளும் இந்த இரண்டுக்கும் ஒட்டியே. சின்னக்குழந்தையின் கட்டில் பெற்றோர் அறையிலேயே; இரவில் அழுதால் எழுந்து நடக்க வேண்டிய தூரம் நாலு கட்டம்.

மாலைப் பக்கத்தில் கிச்சனும் சோபாவும் ஒரே அறை. சாப்பாட்டு மேஜையைச் சின்னதாக்கி அதன் ஓரத்தில் போட்டேன். மகன் அங்கேயே வீட்டுப்பாடம் செய்கிறான், சமைப்பவர் பேச்சுக் கொடுக்கிறார். ஓவியத் தாங்கி கிச்சனிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரை மட்டும் சதுரங்கப் பலகையோடு நாலாவது அறையில் தள்ளி, அப்பாவுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டினேன். ஆக, நாலு வழியிலிருந்தும் ஒவ்வொரு துண்டு.

மாற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். சிம்ஸ் 4-இல் ஓர் அறையைச் சாமான்களோடு அப்படியே தூக்கி நகர்த்தலாம். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் முழு வீட்டையும் ஒருமுறை மறுபடி கலைத்துப் போட்டேன். அரை மணி நேர வேலை.

இதே கணக்கு செல்லாத இடங்கள்

வாடகை வீடு கட்டினால் கதை வேறு. 2023 டிசம்பரில் வந்த ஃபார் ரென்ட் பேக்கில் ஒரே லாட்டில் ஆறு குடித்தனம் வரை வைக்கலாம். அங்கே கேமே உங்களிடம் கேட்கும்: இந்த அறை எந்தக் குடித்தனத்துக்கு, எது பொது இடம்? பொருளின் கூவல் பற்றிய கணக்கைவிட, யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அந்த மாதிரி லாட்டில் ஆளுக்கு ஓர் அறை என்ற இரண்டாவது வழியிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் என்ற வேறொரு கேமை ஆடுபவர்கள் இதில் எதையும் பின்பற்ற வேண்டாம். அங்கே வீடு வளர்ந்து வளர்ந்து ஆறு அறை ஆகும். பின் அறைக்கு 348,000 பெல் (அந்த கேமின் பணம்), கடைசியில் வரும் நிலவறைக்கு 2,498,000 பெல் கடன். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் பசியும் இல்லை, அவசரமும் இல்லை. நடை தூரத்துக்கு விலையே கிடையாது. ஞாயிறுதோறும் ஹேப்பி ஹோம் அகாடமியிலிருந்து மதிப்பெண் கடிதம் வரும், அவ்வளவுதான். ஒரே தொகுதிச் சாமான்கள் சேர்ந்திருந்தால் மதிப்பெண், நிறம் ஒத்துப்போனால் மதிப்பெண். கிழக்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், தெற்கே பச்சை என்று திசைக்கும் மதிப்பெண் உண்டு. நான் சுமார் என்று ஒதுக்கிய முதல் வழி, பெயருக்கு ஓர் அறை, அங்கே ராஜா.

நம் சிம்ஸ் குடும்பத்துக்கு வருவோம். பாத்ரூமை இரண்டாக்கியபோதே மாடி வாஷ்பேசினையும் கழற்றி விற்றுவிட்டேன். இனி அப்பா தட்டோடு படியேற மாட்டார் அல்லவா? ஏறவில்லை, கிச்சன் சிங்க்கிலேயே கழுவுகிறார். மகனுக்கும் இப்போது கழிப்பறை உடனே கிடைக்கிறது. ஆனால் அங்கே கை கழுவ இடமில்லாததால், படியிறங்கிக் கிச்சனுக்கு வருகிறான். அப்பா தட்டைக் கழுவி முடிக்கும்வரை பின்னால் நிற்கிறான். அவர் திரும்பிப் பார்க்கிறார், இருவரும் ஏதோ ஜோக் சொல்லிச் சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். மணி 7.55.